ஆதனைத் தேடி ஐந்து நாள்

கிளம்பும் முன்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அப்பத்தா காலத்துச் சாமான். அதன் கழுத்துக்குக் கீழே, பாத்திரக் கடைகளில் சின்ன உளியை வைத்து டொக் டொக்கென்று குத்துவார்களே, அந்த மாதிரி புள்ளி புள்ளியாக 'க மு வள' என்று வெட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் க.மு. என்று தலைப்பெழுத்து உள்ளவர் யாருமே கிடையாது. 'வள' என்பது வள்ளியா, வளவனா, அல்லது வெட்டியவர் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டாரா, தெரியாது. யாரும் யாரையும் கேட்டதில்லை. சொம்பு பாட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் பயன்பட்டது.

பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு கல்வெட்டுப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்து தமிழி, வட்டெழுத்து என்று பழைய தமிழ் எழுத்துமுறைகளை எல்லாம் கற்றுக்கொண்டு, இப்போது மளிகைச் சீட்டைக்கூடத் தமிழியில் எழுதி பெரியம்மாவிடம் திட்டு வாங்குகிறார். போன மாதம் அந்தச் சொம்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெய்க்குப் புள்ளி வச்சானா இல்லையான்னே தெரியலையே. எழுத்தே புள்ளியால ஆனது. இதுல எது எழுத்து, எது மெய்ப்புள்ளி?" என்றார். அப்புறம் அவரே, "ஒரு அஞ்சு நாள் லீவு போடும்மா. உனக்கு ஒரு ஆளைக் காட்டுறேன். பேரு ஆதன்" என்றார்.

போட்டேன். அன்றன்றைக்கு ராத்திரி எழுதியது இது.

முதல் நாள்: மாங்குளம்

மதுரையிலிருந்து வடகிழக்கே 25 கிலோமீட்டர் சொச்சம். ஊர் மீனாட்சிபுரம், ஆனால் கல்வெட்டுக்காரர்கள் எல்லோரும் மாங்குளம் என்றுதான் சொல்வார்கள். மலைக்கு ஓவாமலை என்று பெயர், உள்ளூரில் கழுகுமலை என்கிறார்கள். பெரியப்பாவின் ஸ்கூட்டரில் போய் இறங்கும்போது மணி ஏழு. காலையிலேயே போகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு வெயில் மட்டும் காரணமில்லை. சூரியன் சாய்வாக இருக்கும்போதுதான் பாறையில் எழுத்து நிழல் விழுந்து தெரியும். உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான்.

தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "கல்லுல எழுதினதப் பாக்கவா வந்தீக? தாகத்தோட பாத்தா எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுமே தாயி" என்று சொல்லித் தன் தூக்குவாளியை நீட்டினார். அந்த வாளியிலும் பெயர் வெட்டியிருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மேலே இயற்கையான குகைத்தளங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். தரையில் துறவிகளுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மாதிரி லேசான மேடு. படுத்துப் பார்க்க ஆசைதான், பெரியப்பா விடவில்லை. காடியை ஒட்டி எழுத்துகள்.

1882-ல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தக் கல்வெட்டுகளைப் பற்றிக் குறித்தார். ஆனால் படித்துப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது. பார்வைக்கு அசோகர் கல்வெட்டுகளில் வரும் பிராமி எழுத்து மாதிரி இருந்ததால் எல்லோரும் வடக்கத்திப் பழைய மொழியான பிராகிருதம் என்று நினைத்துக்கொண்டு முட்டி மோதினார்கள். 1924-ல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழ் என்றார். ழ, ள, ற, ன என்று வடக்கே இல்லாத நான்கு எழுத்துகள் இதில் தனியாக இருப்பதை அவர் அடையாளம் கண்டார். அதற்கப்புறமும் சிக்கல் முழுசாகத் தீரவில்லை.

அந்தச் சிக்கல் எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. பெரியப்பா ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதிக் காட்டினார். அசோகர் முறையில் ஒரு எழுத்தைச் சும்மா எழுதினால் 'க'. பக்கத்தில் ஒரு சிறு கோடு இழுத்தால் 'கா'. இங்கே வெட்டியவர்களோ வேறு கணக்கு வைத்திருந்தார்கள். சும்மா எழுதினால் 'க்', கோடு போட்டால்தான் 'க'. சில சமயம் அதே கோடுதான் 'கா'வுக்கும். ஆக 'மகன்' என்று வெட்டியதை அசோகர் எழுத்துப் படித்த பண்டிதர் பார்த்தால் 'மாகான' என்று படிப்பார், படித்துவிட்டு இது என்ன பாஷை என்று தலையைச் சொறிவார். கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் இந்த முறையைத் தெளிவாக வகுத்துச் சொன்ன பிறகு குழப்பம் விலகியது. எழுத்துமுறை தமிழுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. புள்ளி இன்னும் வரவில்லை.

சொம்பு ஞாபகம் வந்ததா? எனக்கு வந்தது.

கல்வெட்டில் 'நெடுஞ்சழியன் பணஅன் கடல்அன் வழுத்திய் கொட்டுபித்தஅ பளிஇய்' என்று ஓடுகிறது. நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி வெட்டுவித்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம். கணி நந்தன் என்ற துறவிக்காக. கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது மகாதேவனின் கணிப்பு. பாடல்களில் வரும் நெடுஞ்செழியன் என்ற பெயரைக் கல்லில் பார்ப்பது தனி சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே ராஜா நேரில் வரவில்லை. அவருடைய ஆள் ஒருவர் கொடுத்திருக்கிறார். இன்னொரு கல்வெட்டில் நெடுஞ்செழியனின் 'ஸாலகன்', அதாவது மைத்துனன் வருகிறான். அவன் பெயர் இளஞ்சடிகன், அவனுடைய அப்பா சடிகன் செய்து கொடுத்த பள்ளி. "அப்பவே மச்சினன் பேரைச் சொன்னாத்தான் மதிப்பு" என்றார் பெரியப்பா. வெள்அறை என்ற ஊரின் நிகமத்தார், வணிகர் கூட்டம், அவர்களும் தனியாக ஒன்று செய்திருக்கிறார்கள்.

"ஆதன் எங்கே பெரியப்பா?"

"நாளைக்கு."

இரண்டாம் நாள்: அழகர்மலை

அழகர்கோயில் போகும் கூட்டத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. நாங்கள் போனது மலையின் இன்னொரு பக்கம், கிடாரிப்பட்டி வழி. ஏற்றம் நேற்றைவிடக் கடினம், என் முட்டி இதை எழுதும்போதும் முனகுகிறது. மேலே பெரிய குகைத்தளம், அதற்குள்ளே குளிர்ந்த நீர்ச்சுனை. தலைக்கு மேலே பாறை நெற்றியில் வரிசையாகக் கல்வெட்டுகள், எல்லாம் எட்டாத உயரத்தில். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தை ஏன் யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கல்வெட்டு என்றாலே ராஜா, போர், மெய்க்கீர்த்தி. அழகர்மலையில் அந்தப் பேச்சே இல்லை, இது ஒரு கடைத்தெரு. 'உபு வணிகன் வியகன்', உப்பு விற்றவர். 'கொழு வணிகன் எளசந்தன்', கலப்பைக் கொழு விற்றவர், இப்போதைக்குச் சொன்னால் இரும்புக் கடைக்காரர். 'பணித வணிகன் நெடுமலன்', வெல்லப்பாகு விற்றவர் என்று பொருள் சொல்கிறார்கள். அறுவை வணிகர் ஒருவர், துணிக்கடை. இவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து இந்தத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் குழல்விளக்கில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுவதைக் கிண்டல் செய்திருக்கிறேன். இனிமேல் கொஞ்சம் யோசித்துச் செய்வேன்.

அந்த வரிசையில்தான் மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். ஊர்ப்பெயர் 'மதிரை' என்று இருக்கிறது. ஆளின் பெயர் 'அதன் அதன்'. கேலி போலிருக்கிறதே என்று நினைத்தேன். பெரியப்பா சிரிக்கவில்லை. "அதனும் ஆதனும் ஒரே பேருதாம்மா. முதல் ஆதன் அப்பா, ரெண்டாவது மகன். முருகன் மகன் முருகன்கிற மாதிரி" என்றார். இது அவருடைய கட்சி. எனக்கும் பிடித்திருந்ததால் வாதாடவில்லை.

ஆக ஆதனைப் பார்த்துவிட்டேன். கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் மதுரையில் நகை செய்துகொண்டிருந்த ஒரு ஆள். பட்டறை எங்கே இருந்தது, சேதாரம் எவ்வளவு போட்டார், இந்த மலையை ஏறும்போது அவர் முட்டியும் வலித்ததா, ஒன்றும் தெரியாது. பெயரும் ஊரும் தொழிலும் மட்டும் பாறையில் இருக்கிறது.

அதே மலையில் சில நூற்றாண்டுகள் தள்ளி ஒரு சமணச் சிற்பமும் வட்டெழுத்தில் 'அச்சணந்தி செயல்' என்ற வரியும் உண்டு. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயரை மதுரை வட்டாரத்து மலைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சாயங்காலம் போன அரிட்டாபட்டியிலும் அவர் பெயர் இருந்தது.

அரிட்டாபட்டி பற்றி நிறைய எழுத நினைத்தேன், தூக்கம் வருகிறது. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். கழிஞ்சமலைக் குகையில் நெல்வேலியிலிருந்து வந்து முழாகை, அதாவது குகை, வெட்டிக் கொடுத்த ஒருவரின் தமிழி எழுத்து. வெளிச்சம் போய்விட்டதால் செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படித்தோம். இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸால் தேய்ப்பது, மாவு பூசுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். தேய்ப்பவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் தேய்ப்பார், அப்புறம் வருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தப்பைத்தான் படிப்பார்கள். ஒரு இடத்தில் தமிழி எழுத்துக்கு ஒரு முழம் தள்ளி பெயிண்டில் ஒரு காதல் ஜோடியின் பெயர். பெரியப்பா அதையும் வாய்விட்டுப் படித்தார். கோபமாகத்தான்.

மூன்றாம் நாள்: கீழடி, பிற்பகல் யானைமலை

முட்டிக்கு இன்று ஓய்வு. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ல் திறந்தது. செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள், முற்றமும் தூணுமாக. நன்றாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள், ஆளுக்கொரு நோட்டு. தாயக்கட்டை இருந்த பெட்டியை விட்டு நகரவே மாட்டேன் என்றார்கள்.

நாங்கள் நகர மறுத்தது பானை ஓடுகளிடம். நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கரிமக் கணிப்பில் வந்தது, 2019-ல் அறிக்கை வெளியானபோது ஊரே அதைத்தான் பேசியது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இன்னும் போடுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. எனக்கு ஓட்டில் எழுதியிருந்ததுதான் முக்கியம்.

'ஆதன்'.

அந்தப் பெயர் மறுபடியும் பானையின் தோளில் கீறி இருக்கிறது. 'குவிரன்' என்று இன்னொருவர். அழகர்மலையில் இருந்தது உளி பிடிக்கத் தெரிந்தவர் வேலை. இங்கே பானையைச் சுட்ட பிறகு, வாங்கிப் போனவர்கள், கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். கையெழுத்து ஒன்று போல ஒன்று இல்லை. ஒருவர் ஒழுங்காக எழுதியிருக்கிறார், ஒருவர் கோணல் மாணல், ஒருவருக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து நெருக்கியடித்து நிற்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு பையன் அவன் டீச்சரிடம், "மிஸ், இது எதுக்கு பேரு எழுதினாங்க?" என்று கேட்டான். டீச்சர் பதில் யோசிப்பதற்குள் பின்னால் நின்ற பெண், "உன் டிபன் பாக்ஸ்ல எதுக்குடா எழுதியிருக்கு?" என்றாள். பெரியப்பா அந்தப் பெண்ணுக்குக் கைகொடுத்துவிட்டு வந்தார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பெரியப்பா ஆதன்களின் பட்டியலைச் சொன்னார். கொடுமணலில் ஒரு பானை ஓட்டில் 'கண்ணன் ஆதன்'. கரூர்ப் பக்கம் புகளூரில், ஆறுநாட்டார் மலையில், ஆதன் ஒரு ராஜா: 'கோ ஆதன் செல்லிரும்பொறை', அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. சேரர் மூன்று தலைமுறை ஒரே கல்வெட்டில், பேரன் இளங்கோ, அதாவது இளவரசன், ஆனதற்காக ஒரு துறவிக்கு வெட்டிக் கொடுத்த இடம். அதே மலையில் 'கருவூர் பொன்வாணிகன் நத்தி' என்ற வியாபாரியும் தன் பெயரை வெட்டிவைத்திருக்கிறான். ராஜாவுக்கும் நகைக்காரனுக்கும் பானைக்காரனுக்கும் ஒரே பெயர் இருந்த காலம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இப்போது குமார் எந்த மாதிரியோ அப்போது ஆதன்.

பெயர் எழுதிய பொருள்கள் எங்கெல்லாம் போயிருக்கின்றன என்று பேச்சு திரும்பியது. கரூர் அமராவதி ஆற்றில் பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்தன, ஒன்றில் 'தித்தன்'. எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓடு, அதில் 'பானை ஒறி', உறியில் தொங்கவிட்ட பானை. அங்கேயே 'கண்ணன்', 'சாதன்' என்று ஆள் பெயர்களும் உண்டு. தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பட் என்ற இடத்தில் ஒரு பொன் உரைகல் கிடைத்தது, அதில் 'பெரும்பதன் கல்'. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டு. பெரும்பத்தனுடைய கல் அது, வேறு யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. கடைசியில் பெரும்பத்தன்தான் போய்ச் சேர்ந்தான், கல் அங்கேயே கிடந்தது.

பிற்பகலில் ஒத்தக்கடை, நரசிங்கம். யானைமலையைக் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில். இங்கே எழுத்து வட்டெழுத்து, கூடவே வடமொழி கிரந்தத்தில். கலியுக ஆண்டு 3871 என்று நேரடியாகப் போட்டிருக்கிறார்கள், அதாவது கி.பி. 770. ஆண்டைச் சொன்ன கல்வெட்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள் என்று பெரியப்பா சொல்வார், இது ஏற்கெனவே கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர், களக்குடியைச் சேர்ந்த மாறன் காரி, இதைக் குடைவித்தார். நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்வதற்குள் இறந்துபோனார். அவருக்குப் பின் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர் தெளித்தார். அண்ணன் பாதியில் விட்டதைத் தம்பி முடித்தான் என்று நாலு வரியில் கல்லில் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்பா கட்ட ஆரம்பித்த வீட்டை முடித்தது அவர்தான்.

நான்காம் நாள்: புதுக்கோட்டைப் பக்கம்

பஸ், ஷேர் ஆட்டோ, மறுபடி பஸ். ஒரு நடத்துனர் எங்களைத் தப்பான இடத்தில் இறக்கிவிட்டதில் ஒன்றரை மணி நேரம் போனது. சித்தன்னவாசல் ஓவியம் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி நான் எழுதவில்லை. மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் என்று ஒரு இடம், ஒரு பக்கம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஒட்டி நடக்க வேண்டும். உள்ளே வழுவழுவென்ற படுக்கைகள். பெரிய படுக்கையின் பக்கத்தில் தமிழி. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளயர் செய்துகொடுத்த இருக்கை. எருமை நாடு என்றால் மைசூர்ப் பக்கம். இத்தனை தூரம் நடந்து வந்த ஒருவருக்கு உள்ளூர்க்காரர்கள் படுக்கை செய்து, அவர் எந்த ஊர் என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

குடுமியான்மலையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, அது நேர்மையான வாக்குமூலம். குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு சுவர் அளவுக்கு எழுத்து, அத்தனையும் ஸ்வரங்கள். 7ஆம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து, ஏழு பகுதி, பகுதிக்கு ஒரு பண். ஒவ்வொரு ஸ்வரமும் ர, ரி, ரு, ரே என்று உயிர் மாறி மாறி நான்கு நான்காகக் கட்டப்பட்டிருக்கிறது. உருத்திராசாரியாரின் மாணவனான ஒரு மன்னன் செய்வித்தது என்று முடிவில் இருக்கிறது, மன்னன் பெயரைச் சொல்லவில்லை. அப்பத்தா சொம்புக்காரரே மூன்றரை எழுத்துப் போட்டிருக்கிறார், இந்த மன்னனுக்கு அதுவும் தோன்றவில்லை. அடியில் ஒரு தமிழ் வரி: 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய'. எட்டு நரம்புக்கும் ஏழு நரம்புக்கும் பொருந்தும் என்கிறார்கள். பெரியப்பா பாட முயன்றார். நல்ல வேளை, கோயில் நடை சாத்தும் நேரம் வந்தது.

இன்றைய நல்ல விஷயம் திரும்பும் வழியில் நடந்தது. ஒரு சின்ன ஊர்க் கோயிலில் நாலு பேர் அனுமதி வாங்கிக் கல்வெட்டைத் தாளில் படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் வகுப்பு நண்பர் ஒருவர் அதில் இருந்தார், அதனால் நின்றோம். முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார்கள், வருஷக்கணக்கான எண்ணெயும் சுண்ணாம்பும் போக வேண்டும். அப்புறம் தாளை நனைத்துக் கல்மேல் ஒட்டி, கெட்டியான பிரஷால் அடி அடி என்று அடிக்கிறார்கள். எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்க வேண்டும், கிழியவும் கூடாது. தாள் லேசாகக் காயும் பதத்தில், மை தோய்த்த ஒற்றுப் பந்தால் ஒற்றி ஒற்றி எடுக்கிறார்கள். மேடான கல்பரப்பு கறுப்பாகிறது, பள்ளமான எழுத்து வெள்ளையாக அப்படியே எழும்புகிறது. அரை மணி நேரமாக வெறும் கருங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தாளில் வந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒருமுறை எனக்கும் பிரஷ் கொடுத்தார்கள். "அடிம்மா, பயப்படாதே, இட்லித் துணி மாதிரி நினைச்சுக்கோ" என்றார் அந்த நண்பர். இட்லித் துணியை யார் அடிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. என் மூலையில் தாள் கிழிந்தது.

ஐந்தாம் நாள்: தஞ்சாவூர்

பெரிய கோயிலில் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே சுற்றியதில், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

அடிப்பகுதி முழுக்க எழுத்து. முதலில் ராஜராஜன் குரல்: 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டுக என்கிறான். இது ஓரளவு பிரபலமான வரி, ஆனால் விரலை வைத்துப் படிக்கும்போது (தொடாமல், ஒரு அங்குலம் தள்ளித்தான்) அந்த 'மற்றும் குடுத்தார்' என்ற இடத்தில் நின்றேன். அக்காவுக்கும் மனைவிகளுக்கும் அப்புறம் மற்றவர்களுக்கும் அதே கல்லில் இடம்.

எழுத்து நம் எழுத்துக்கு நெருக்கம், ஆனாலும் வழுக்குகிறது. புள்ளி பெரும்பாலும் கிடையாது. எ, ஏ இரண்டும் ஒன்றுதான், ஒ, ஓவும் அப்படியே. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி. சொல் பிரிப்பு இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியப்பா ஒரு வரி படித்து முடிப்பதற்குள் நான் ஒரு பிரகாரம் சுற்றி வந்தேன்.

கணக்கு வாத்தியாருக்கு இங்கே சொர்க்கம். ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாளில், கி.பி. 1010-ல், விமானத்து உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடத்தின் எடை 3083 பலம், அதற்குப் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அரையைக்கூட விடவில்லை. நகைகளை நிறுக்கும்போது 'சரடு நீக்கி' என்று எழுதுகிறார்கள், நூலின் எடை பொன் கணக்கில் ஏறிவிடக் கூடாது. நிறுத்த எடைக்கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்று பெயர், நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். அணையாமல் எரியும் நுந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, அதிலிருந்து தினம் ஒரு உழக்கு நெய். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்பார்கள். ஆடு செத்துப்போனால் குட்டி ஈடுகட்டும், ஆக மந்தைக்குச் சாவும் மூப்பும் இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, வைப்பு நிதி அதுதான்.

அப்புறம் ஆட்கள். தளிச்சேரிப் பெண்டுகள், கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேர். ஒவ்வொருவருக்கும் தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, எல்லாம் இருக்கிறது. எல்லோர் பெயருக்கும் முன்னால் 'நக்கன்'. ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு எண்ணோடு சேர்ந்த முகவரிப் புத்தகம். அவர்கள் தாங்களே வந்தார்களா, கூட்டி வரப்பட்டார்களா, பிறந்த ஊரை நினைத்து அழுதார்களா என்று கல் சொல்லாது. அந்த வகையில் பார்த்தால் ஆதன் கொடுத்துவைத்தவன், அவன் பெயரை அவனே எழுதினான். இந்த 400 பேரின் பெயரை எழுதியது அரசின் கணக்கு. இந்த வித்தியாசத்தை நான் சொன்னபோது பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா எழுதாம விட்டிருந்தா?" என்றார். இரண்டு பேருக்கும் பதில் இல்லை.

அதே பட்டியலில் தச்சர், தட்டார், கணக்கர், வண்ணார், நாவிதர் எல்லோரும் வருகிறார்கள். கோயில் தச்சர் வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். நாவிதருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்று பட்டம். சிகை திருத்தியவருக்குத் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்த அரசனை எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது.

சாயங்காலம் புல்தரையில் உட்கார்ந்திருந்தபோது செப்பேடு பற்றிப் பேச்சு வந்தது. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, 31 ஏடு, எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்து முத்திரை வைத்தது. 1905-ல் கிடைத்து இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அது. "கல்லைத் தூக்கிட்டுப் போக முடியாது, அதனால அது கோயில்ல இருக்கும். செப்பேடு நிலம் வாங்கினவன் வீட்டுல இருக்கும், பத்திரம் மாதிரி" என்றார் பெரியப்பா. பித்தளைச் சொம்பை எதில் சேர்ப்பது என்று கேட்டேன்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய அத்தையை யாரும் கேட்கவில்லை. அவருக்கு எண்பத்து நாலு, காது கொஞ்சம் மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டு, பெரிய கோயில் வளாகத்தில் பெரியப்பா கத்தினார்: "அக்கா! நம்ம சொம்புல 'க மு வள'ன்னு இருக்கே, யாரு அது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அத்தை சிரிக்கிற சத்தம்.

"அது நம்ம சொம்பே இல்ல தம்பி. எதுத்த வீட்டு வள்ளியம்மை ஆச்சியோடது. உன் சின்னக்கா கல்யாணத்துக்கு இரவல் வாங்கினது, சாமான் திருப்பிக் குடுக்கையில மாறிப்போச்சு. நம்ம பேரு வெட்டினது அவுக வீட்டுக்குப் போயிருச்சு."

"அவுக வீடு இப்ப எங்கக்கா?"

"அவுகதான் அப்பவே எல்லாத்தையும் கட்டிக்கிட்டுப் பினாங்கு போயிட்டாகளே."